கேட்டலினாவைக் கரையேத்தலாம்: 1/72 நீர்நில விமான மாடலும் தண்ணியோர டயோராமாவும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

கிட் பாக்ஸைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் உப்பனாத்துக் கரையில போய் நில்லுங்க. இதைத்தான் நான் முதல் ஸ்டெப்பா சொல்லுவேன். கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் தண்ணி வத்தற நேரமா பாத்துப் போனீங்கன்னா கரைச் சுவர்ல மூணு பட்டை தெரியும், கீழ ஈரமா கறுப்பு, அதுக்கு மேல பச்சைப் பாசி, அதுக்கும் மேல காஞ்சு வெளுத்துப் போன உப்பு. தண்ணி எங்கயுமே நீலமா இருக்காது, ஓரத்துல டீ கலர், கொஞ்சம் தள்ளிப் பழுப்பும் பச்சையும் கலந்த மாதிரி, நடுவுலதான் வானம் விழுந்து வெள்ளையா மின்னும். போன்ல ஒரு இருபது முப்பது போட்டோ எடுத்துக்கோங்க. நின்னுக்கிட்டு எடுக்காதீங்க, குத்த வச்சு உக்காந்து தண்ணி மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய் எடுங்க, ஏன்னா டயோராமாவை, அதாவது மாடலைச் சுத்தி மண்ணு, தண்ணின்னு அமைக்கற குட்டிக் காட்சியை, ரசிச்சுப் பாக்கறவங்க எல்லாரும் அந்த உயரத்துலதான் பாப்பாங்க.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, புதுசா பண்றவங்க பெரும்பாலும் பிளேனை ஆசையா முழுசும் முடிச்சிட்டு, அப்புறமா ஒரு பலகையில தண்ணி பண்ணி அதுமேல தூக்கி வைக்கறாங்க. அப்படி வச்சா பிளேன் தண்ணிமேல வச்ச மாதிரிதான் தெரியும், தண்ணியில நிக்கற மாதிரி தெரியாது. கரையும் பிளேனும் ஒன்னா சேந்து வளரணும், சக்கரம் எங்க நனையுது, எங்க காயுதுன்னு முதல் நாளே முடிவாகியிருக்கணும்.

எந்த பிளேன்?

தண்ணியில இறங்கற விமானத்துல மூணு வகை இருக்கு, இதைக் குழப்பிக்காதீங்க. சாதாரண பிளேனுக்கு அடியில மிதவை மாட்டினா அது மிதவை விமானம். உடம்பே படகு மாதிரி இருந்து வயிறு தண்ணியில பட்டு மிதந்தா அது பறக்கும் படகு. தண்ணியிலயும் இறங்கி, சக்கரத்தை இறக்கித் தரையிலயும் நிக்க முடிஞ்சா அது நீர்நில விமானம், ஆம்பிபியன். தண்ணியோர டயோராமாவுக்கு மூணாவது வகைதான் அருமை, பாதி தண்ணியில பாதி கரையில நிறுத்தலாம்.

என் சிபாரிசு கன்சாலிடேட்டட் கம்பெனியோட பிபிஒய்-5ஏ கேட்டலினா. கேட்டலினா குடும்பத்தோட முதல் விமானம் பறந்தது 1935 மார்ச்ல, அப்போ அது வெறும் பறக்கும் படகு. சக்கரம் வச்ச வகை 1939 நவம்பர்லதான் முதல்ல பறந்துச்சு. நம்ம பக்கத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. இரண்டாம் உலகப்போர்ல சென்னைக்குப் பக்கத்துல செங்குன்றம் ஏரியில பிரிட்டிஷ் விமானப்படையோட 240-ஆவது ஸ்குவாட்ரன் கேட்டலினாக்களை வச்சிருந்துச்சு. இலங்கையில கொக்கலை ஏரியில இருந்து கிளம்பின ஒரு கேட்டலினாதான் 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி ஜப்பான் கப்பல் படை வர்றதைப் பாத்து ரேடியோவுல தகவல் சொன்னது, அதை ஓட்டினவர் கனடாக்காரர் லியோனார்ட் பர்ச்சால். ஆனா ஒரு விஷயம், செங்குன்றத்துல நின்னது சக்கரம் இல்லாத பறக்கும் படகு வகை. அதனால சக்கரத்தோட மாடல் பண்ணிட்டு செங்குன்றம்னு பேர்ப்பலகை வைக்காதீங்க, மனசுக்குப் பிடிச்ச இடமா இருந்தாலும் சரி.

நிஜ விமானத்தோட றெக்கை அகலம் 31.7 மீட்டர், நீளம் சுமார் 19.5 மீட்டர். 1/72 ஸ்கேல்ல, அதாவது நிஜத்தை 72-ல ஒரு பங்கா சுருக்கினா, றெக்கை 44 சென்டிமீட்டர், நீளம் 27 சென்டிமீட்டர் வரும். அகாடமி, ஏர்ஃபிக்ஸ்னு ரெண்டு கிட் கம்பெனியும் இந்த ஸ்கேல்ல போட்டிருக்காங்க. 1/48 வாங்கணும்னு ஆசை வரும், வேண்டாம், றெக்கையே 66 சென்டிமீட்டர், முதல் மாடலுக்கு வீட்டுல வைக்க இடமே கிடைக்காது. 1/144 ரொம்பச் சின்னது, தண்ணி வேலை எடுபடாது.

காட்சியை முடிவு பண்றது

நான் பண்ணினது 1942 கடைசி, தென்பசிபிக் தீவு ஒன்னோட முகத்துவாரம், அமெரிக்கக் கடற்படை கேட்டலினா. மூக்குச் சக்கரம் சேத்து மணல்ல, நடுவுல இருக்கற ரெண்டு பெரிய சக்கரமும் கணுக்கால் அளவு தண்ணியில, வால் முழுக்கத் தண்ணிக்கு மேல. இன்ஜின் நிறுத்தியாச்சு, ஒரு கயிறு போட்டுத் தென்னைமரத்துல கட்டியாச்சு. புதுசா பண்றவங்களுக்கு இதுதான் சுலபம், ஏன்னா பிளேன் ஓடல, அதனால அலை கிழிச்சுக்கிட்டு வர்ற நுரையெல்லாம் பண்ண வேண்டியதில்ல, ஆழமான தண்ணியும் கொஞ்ச இடத்துலதான் வேணும்.

50-க்கு 40 சென்டிமீட்டர்ல 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்னு வாங்கிக்கோங்க, தண்ணி தாங்கற வகையா கேளுங்க, மெல்லிசா வாங்கினா கரைக்காகப் பூசற ஈரப் புட்டி காயும்போது வளைஞ்சிடும். கிட்டோட றெக்கையையும் உடம்பையும் பேப்பர்ல வரைஞ்சு வெட்டி பலகைமேல வச்சு நகத்திப் பாருங்க. நேரா வைக்காம கொஞ்சம் சாய்ச்சு வைங்க, பாக்க உயிரா இருக்கும். மூணு சக்கரம் படற இடத்துலயும் பென்சில்ல புள்ளி வச்சு, தண்ணிக்கோடு மூக்குச் சக்கரத்துக்கும் நடுச் சக்கரத்துக்கும் இடையில போற மாதிரி வளைச்சு ஒரு கோடு போடுங்க. இனிமே எல்லா வேலையும் இந்தக் கோட்டை வச்சுத்தான்.

பிளேன் ஒட்டறது

தேவையானது கொஞ்சம்தான், நிப்பர், கட்டர், 400-ல இருந்து 1000 நம்பர் வரைக்கும் வாட்டர் பேப்பர் (தேய்க்கற உப்புத்தாள்), துணி கிளிப்பு, மாஸ்கிங் டேப், மாடலுக்குன்னே விக்கற தண்ணி மாதிரி இருக்கற சிமெண்ட்ங்கற பசை. பார்ட்ஸை சோப்புத் தண்ணியில கழுவிக் காய வச்சிட்டு ஆரம்பிங்க. ஒவ்வொரு பார்ட்டையும் பசை இல்லாம ஒருதடவை சேத்துப் பாத்துட்டுத்தான் ஒட்டணும், இது அலுப்பா இருக்கும், ஆனா விட்டுடாதீங்க.

கேட்டலினாவுல எல்லாரும் மாட்டற இடம் மூக்கு வெயிட். மூணு சக்கரத்துல நிக்கற பிளேன், வால் பக்கம் நீளம், மூக்குல கனம் வைக்கலன்னா பின்னாடி உக்காந்துடும். ஓ.டி.யில வலை சாமான் விக்கற கடையில சின்ன ஈயக்குண்டு கிடைக்கும், தூண்டிலுக்குக் கட்டறது, அதுதான் இதுக்கு அருமையான பொருள். எத்தனை கிராம்னு மனப்பாடமா போட வேண்டாம், உடம்பு ரெண்டு பாதியையும் றெக்கையையும் டேப்ல சுத்தி ஒட்டி, நடுச் சக்கரம் வர்ற இடத்துல ரெண்டு பக்கமும் விரல்ல தாங்கிப் பிடிங்க, மூக்கு தானா கீழ சாயற வரைக்கும் குண்டு சேத்துக்கிட்டே போங்க, அப்புறம் இன்னும் ரெண்டு குண்டு கூடப் போடுங்க, பெயிண்ட்டும் மத்த சின்னப் பார்ட்டும் ஏறும்போது வால் கனம் கூடும். குண்டை எம்-சீல்ல பதிங்க, ஃபெவிகால்ல வேண்டாம், ஈயமும் ஃபெவிகாலும் நாள்பட சேந்தா உப்பிப் பிளக்கும். ஈயத்தைத் தொட்ட கையை நல்லா கழுவிடுங்க.

றெக்கை ஒரு தூண் மேல உக்காந்திருக்கும், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு முட்டுக் கம்பி. ஒட்டினதும் நேரா முன்னாடி இருந்து பாருங்க, ரெண்டு நுனியும் மேஜையில இருந்து ஒரே உயரமா இருக்கான்னு ஸ்கேல் வச்சு அளந்துட்டு, புத்தகத்தை அடியில அடுக்கி ராத்திரி முழுக்க அசைக்காம விடுங்க. றெக்கை நுனியில இருக்கற மிதவை மேல மடங்கினா அதுவே றெக்கை நுனியாயிடும், கீழ இறங்கினா தண்ணியில தாங்கும். நம்ம காட்சியில இப்பத்தான் கரையேறி நிக்குது, அதனால இறக்கியே வைங்க. சக்கரத்துல நிக்கும்போது மிதவை தண்ணியைத் தொடாம மேல தொங்கும், அது தப்பு இல்ல.

பின்பக்கம் ரெண்டு பெரிய கண்ணாடிக் குமிழ் இருக்கே, அதுதான் கேட்டலினாவோட முகம். அதை ஃபெவிகுவிக்ல ஒட்டினா புகை படிஞ்சு வெள்ளையாயிடும், திரும்ப சரியாகாது. ஃபெவிகால் போதும், காஞ்சதும் தெரியாது.

பெயிண்ட்

1942-ல அமெரிக்கக் கடற்படை விமானம் மேல நீலம் கலந்த சாம்பல், கீழ வெளிர் சாம்பல், ரெண்டே கலர், புதுசா அடிக்கறவங்களுக்கு வரம். நட்சத்திரச் சின்னத்துல மட்டும் கவனம், நடுவுல இருந்த சிவப்புப் பொட்டை 1942 மே மாசம் எடுத்துட்டாங்க, பக்கவாட்டுல வர்ற வெள்ளைப் பட்டை 1943 நடுவுலதான் வந்துச்சு. அதனால நம்ம காட்சிக்கு நீல வட்டத்துல வெள்ளை நட்சத்திரம் மட்டும்தான், பொட்டும் இல்ல பட்டையும் இல்ல. டீக்கால் (தண்ணியில நனைச்சு ஒட்டற சின்னப் படம்) ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு கோட் கிளாஸ் வார்னிஷ், அதாவது பளபளன்னு காயற வார்னிஷ், அடிச்சிடுங்க, இல்லன்னா அடியில காத்து நின்னு வெள்ளி மாதிரி மின்னும்.

கடலூர், பாண்டியில ஸ்ப்ரே அடிக்கறவங்களுக்கு எதிரி ஈரக்காத்து. ஐப்பசி கார்த்திகையில மழை நின்ன உடனே கேனைத் தூக்கினீங்கன்னா பெயிண்ட் மேல பால் மாதிரி மங்கல் படியும். வெயில் ஏறினப்புறம், பத்து மணிக்கு மேல மூணு மணிக்குள்ள, துணி சீக்கிரம் காயற நாளா பாத்து அடிங்க. மொட்டைமாடியில அடிச்சா கடல்காத்து கிளம்பறதுக்குள்ள முடிச்சிடணும்.

அழுக்குப் பண்றதுல ஒன்னை அழுத்திச் சொல்றேன், துறைமுகத்துல நிக்கற இரும்புப் படகுத் துருவைப் பாத்து பிளேன்ல சிவப்பா துரு அடிக்காதீங்க. கேட்டலினா உடம்பு அலுமினியம், றெக்கையோட பின்பாதி துணி. அலுமினியம் துருப்பிடிச்சா சாம்பலும் வெள்ளையுமாத்தான் பூக்கும். உப்புத்தண்ணி அடிக்கற மூக்கு, வயித்து ஓரம், மிதவை, இங்கெல்லாம் பெயிண்ட் உரிஞ்சு வெள்ளி தெரியணும். அதுக்கு முதல்ல அந்த இடத்துல சில்வர் அடிச்சுக் காயவிட்டு, தண்ணி தொட்டுத் தூளுப்பை அங்கங்க தூவி, காஞ்சதும் மேல சாம்பல் அடிச்சு, அப்புறம் விரலால தேச்சா உப்பு உதிர்ந்து இயற்கையா உரிஞ்ச மாதிரியே வரும். இன்ஜின் புகை றெக்கை மேல்பக்கம் பின்னாடி வரைக்கும் இழுத்துப் போகும், கறுப்பு சாக்பீஸ் தூளை மெதுவா தேய்ங்க.

கரை

மணலுக்கு தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு டப்பா அள்ளிட்டு வந்துடலாம்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க, அரை மில்லிமீட்டர் மணல் 72 மடங்கு ஆனா 36 மில்லிமீட்டர், அதாவது நம்ம கேட்டலினா ஜல்லி மேல நிக்கும். அதனால மணலைக் கரைமேட்டுல கல்லு மாதிரி தூவ மட்டும் வச்சுக்கோங்க, அதையும் நல்ல தண்ணியில நாலஞ்சு தடவை அலசிட்டுத்தான், உப்பு இருந்தா மழைக்காலத்துல ஈரம் இழுத்துப் பூக்கும். மணல் பரப்புக்கு ஆத்தோர வண்டல் மண்ணைக் காய வச்சு, அம்மியிலயோ சுத்தியலாலயோ பொடியாக்கி, மல்லுத் துணியில சலிச்சு, பழைய தோசைக்கல்லுல வறுத்துடுங்க, பூச்சி முட்டையும் பூஞ்சையும் போயிடும்.

கரை மேட்டை பிளைவுட் துண்டு, அட்டை வச்சு உயத்திட்டு மேல சுவருக்குப் பூசற புட்டியில ஃபெவிகால் கலந்து பூசுங்க. தண்ணிப் பக்கம் போகப் போக பலகை மட்டத்துக்கு இறங்கணும். புட்டி பாதி ஈரமா இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்னு இருக்கு. பிளேன் தண்ணியில இருந்து மேல ஏறி வந்திருக்கு, அப்போ தண்ணிக்கோட்டுல இருந்து மூக்குச் சக்கரம் நிக்கற புள்ளி வரைக்கும் ஒரு டயர்த் தடம் இருந்தே ஆகணும். கிட்டோட மூக்குச் சக்கரத்தைத் தண்ணியில நனைச்சுப் புட்டிமேல உருட்டுங்க. புள்ளியைத் தாண்டித் தடம் போகக்கூடாது. தடத்தோட ரெண்டு ஓரமும் லேசா பிதுங்கி நிக்கும், அந்தப் பிதுக்கம்தான் சேறு. நடுச் சக்கரத் தடம் தண்ணிக்குள்ள இருக்கறதால அதை ரெண்டு மங்கலான பள்ளமா காட்டினா போதும். மூக்குல இருந்து மரம் வரைக்கும் கயிறு கட்டப் போனவரோட காலடியும் குண்டூசித் தலையால குத்திடுங்க, மனுஷன் உயரம் இந்த ஸ்கேல்ல 23, 24 மில்லிமீட்டர்தான், அதனால காலடி 4 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம்.

புட்டி காஞ்சதும் ஃபெவிகால் தண்ணி தடவி மண்பொடி தூவுங்க. தண்ணியை ஒட்டின ஒரு சென்டிமீட்டர் பட்டை மட்டும் அடர்த்தியான பழுப்புல நனைஞ்ச மாதிரி கலர் குடுத்துக் கடைசியில லேசா கிளாஸ் அடிக்கணும். அன்னிக்கு எடுத்த போட்டோ இங்கதான் உதவும். புல்லுக்குத் தேங்காய் நார். தென்னைமரத்துக்குக் கம்பி மேல காகிதம் சுத்தி, ஓலைக்குப் பேப்பரை மடிச்சு ஓரத்தைப் பொடிப்பொடியா கத்தரிச்சாப் போதும், 15 மீட்டர் மரம் 21 சென்டிமீட்டர் வரும். ஃபைபர் படகு, பிளாஸ்டிக் கேன் மாதிரி இந்தக் காலத்துப் பொருள் எதையும் வச்சிடாதீங்க.

தண்ணி

அடித்தளத்துல பெயிண்ட்டை முதல்லயே அடிச்சிடுங்க, கரையோரம் மண் கலர், அப்புறம் பழுப்புப் பச்சை, பலகை விளிம்புல கரும்பச்சை, எல்லை தெரியாம கலந்து போகணும். தண்ணிக்காக ஊத்தற ரெசின்லயே (இறுகினா கண்ணாடி மாதிரி ஆகற திரவம்) கலர் கலந்தா பெரும்பாலும் கலங்கலா போயிடுது.

இப்போ ஒரு எச்சரிக்கை. நான் முதல் டயோராமா பண்ணினப்போ, ஃபைபர் போட் ரிப்பேர் பண்ற தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ரெசின் வாங்கி ஊத்தினேன். கரையைத் தெர்மாகோல்ல செதுக்கியிருந்தேன். ஊத்திப் பத்து நிமிஷத்துல கரை உள்ளுக்குள்ள கரைஞ்சு பள்ளமா இறங்கிடுச்சு, பக்கத்துல வச்சிருந்த மிதவையும் ஓரத்துல இளகிடுச்சு. அவர் மேல தப்பே இல்ல, அது படகுக்கான பாலியெஸ்டர் ரெசின், அதுல ஸ்டைரீன் இருக்கு, தெர்மாகோலும் நம்ம கிட் பிளாஸ்டிக்கும் ரெண்டுமே பாலிஸ்டைரீன், கரையத்தான் செய்யும். ரெண்டு மாச வேலை போச்சு, அந்த வருத்தம் இன்னும் இருக்கு. நீங்க எபாக்ஸி ரெசின் மட்டும் வாங்குங்க, ரெசின் ஆர்ட்டுக்குன்னு விக்கறது. தெர்மாகோலை எங்கயும் சேக்காதீங்க, ஸ்ப்ரே பெயிண்ட் பட்டாலும் அது கரையும்.

பலகையோட மூணு பக்கமும் ஓ.எச்.பி. ஷீட்டை (கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் தாள்) வச்சு டேப் ஒட்டி, அடி விளிம்புல சிலிக்கான் தடவி அணை கட்டுங்க. ரெசின் எறும்பு போற சந்து இருந்தாக்கூட ஒழுகிடும். கொத்தனார் வச்சிருக்கற ரசமட்டத்தைக் கடன் வாங்கிப் பலகையை ரெண்டு திசையிலயும் மட்டம் பாருங்க. பாட்டில்ல போட்டிருக்கற விகிதம் எடையிலயா அளவுலயான்னு படிச்சிட்டு அதே மாதிரி அளந்து, அஞ்சு நிமிஷம் மெதுவா கலக்கி, வேற கப்புல மாத்தி இன்னொரு தடவை கலக்குங்க, கப்பு ஓரத்துல ஒட்டினது கலக்காம இருந்தா அந்த இடம் என்னிக்கும் பிசுபிசுன்னு இருக்கும். 40-க்கு 20 சென்டிமீட்டர் தண்ணிக்கு 3 மில்லிமீட்டர் ஒரு படலம் ஊத்த 240 மில்லி ஆகும். இதுக்கு மேல ஒரே தடவையில ஊத்தாதீங்க, ரெசின் இறுகும்போது சூடாகும், கனமா ஊத்தினா வெடிப்பு விடும். கலக்கினதைக் கப்புலயும் வச்சிருக்காதீங்க, அங்கதான் இன்னும் வேகமா சூடேறும். கையுறை, மாஸ்க், ஜன்னல் திறந்த ரூம், இது மூணும் வேணும். ரெசின்ல நிக்கற காத்துக் குமிழைப் பல்குச்சியால குத்துங்க. மேல ஒரு அட்டைப்பெட்டியைக் கவுத்து 24 மணி நேரம் விட்டுடுங்க, லைட்டுக்கு வர்ற ஈசல் ஒன்னு விழுந்தாப் போதும். இன்னொரு படலம் வேணும்னா அடுத்த நாள்.

கவனிச்சிருப்பீங்க, இது வரைக்கும் பிளேன் பலகையில ஏறவே இல்ல. ஆழமான பக்கம் மட்டும்தான் ரெசின், அது கரையை நோக்கி மெலிஞ்சு வந்து சக்கரப் புள்ளிக்கு முன்னாடியே முடியற மாதிரி சரிவு இருக்கணும். ரெண்டு மூணு நாள் நல்லா இறுகினப்புறம் டயரோட அடியை வாட்டர் பேப்பர்ல துளி தேச்சுத் தட்டையாக்கி, கனம் அமுக்கின மாதிரி ஆக்கி, பிளேனை புள்ளியில ஒட்டுங்க. அப்புறம் டயரைச் சுத்தி இருக்கற தண்ணியை கிளாஸ் ஜெல் வச்சு நிரப்பணும், பாண்டியில ஆர்ட் சாமான் கடையில அக்ரிலிக் ஜெல்னு கேட்டா குடுப்பாங்க. 1 மில்லிமீட்டர் படலமா தடவுங்க, தடவும்போது பால் மாதிரி இருக்கும், காஞ்சா கண்ணாடியாயிடும், மழை நாள்னா ரெண்டு நாள் கூட ஆகும். ரெசின் மேலயும் மெல்லிசா தடவி, காயறதுக்குள்ள பிரஷ் நுனியால ஒரே திசையில தட்டிக்கிட்டே போங்க, காத்து ஒரு பக்கம் இருந்துதானே அடிக்கும். டயரை ஒட்டி மட்டும் சின்ன வளையம். வெள்ளை நுரை வேண்டாம், முகத்துவாரத்து உள்பக்கம் அப்படி நுரைக்காது.

கடைசியா ஈரம். டயர்ல தண்ணிக்கு மேல 3 மில்லிமீட்டர் வரைக்கும் கிளாஸ் வார்னிஷ், அதுக்கு மேல மின்னாத மேட் வார்னிஷ். வயித்துல பக்கவாட்டு விளிம்புக்குக் கீழ முழுக்க ஈரம், அங்கிருந்து மெல்லிசா நாலஞ்சு கோடு கீழ வழியற மாதிரி இழுங்க, வால் பக்கம் அதிகமா, மூக்குப் பக்கம் குறைவா, ஏன்னா மூக்கு முதல்ல கரையேறி முதல்ல காஞ்சிருக்கும். கயிறுக்குத் தையல் நூலை மெழுகுல இழுத்துட்டுக் கட்டுங்க, நடுவுல கொஞ்சம் தொய்வு விடுங்க, தண்ணியைத் தொடற இடத்துல கலர் அடர்த்தியா இருக்கட்டும்.

முடிச்சதும் அக்ரிலிக் பெட்டி ஒன்னு போட்டு மூடிடுங்க, பெட்டி மேல ஒட்டின தூசியை எடுக்கலாம், ஜெல் மேல ஒட்டினது போகாது. ஜன்னல் வெயில் படற இடத்துல வைக்காதீங்க, எபாக்ஸி மஞ்சளாயிடும். பெட்டிக்குள்ள மூலையில ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டைப் போட்டு, ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை மாத்திடுங்க.